மழை மாசத்தில் கல்யாணம் இல்லை

அன்புள்ள ஸ்ரேய்மொம்முக்கு,

பாத்தம்பாங்கில் எல்லோரும் நலம். ஃபோனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முடி வெட்டக் கற்பதைப் பாதியில் விட்டுவிட்டு மணப்பெண் அலங்காரத்துக்கு மட்டும் போகிறேன் என்கிறாய். அதில் உடனே காசு வரும், இல்லையென்று சொல்லவில்லை. நம் கம்போடியாவில் ஒரு கல்யாணத்துக்குள் மணப்பெண் எத்தனை உடை மாற்றுகிறாள்! ஒவ்வொன்றுக்கும் பழைய கொண்டையைக் கலைத்துப் புதிதாகப் போட வேண்டும். கல்யாண நாளில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே சலூனில் விளக்கு எரியும்.

ஆனால் பிக்குகள் மழைக்கால விரதத்தில் உட்கார்ந்துவிட்டால் மூன்று மாதம் யார் கல்யாணம் வைப்பார்கள்? முன்னோருக்குப் படைக்கும் ப்சும் பென்னும் கழிந்து, விரதம் முடியும்வரை என்ன செய்வாய்? முடி மட்டும் மழையிலும் மாசம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

சலூன்கார அம்மா இன்னும் தலை அலசத்தான் விடுகிறாள் என்று உனக்குக் கோபம். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. படுக்கவைத்து நிதானமாக அலசும்போதுதான் முடி தடிப்பா மெலிசா, முன்பே சாயம் போட்டதா, உச்சியில் சுழி எந்தப் பக்கம் என்பதெல்லாம் விரலுக்குப் பிடிபடும். சுழியைப் பார்க்காமல் குட்டையாக வெட்டினால் அந்த இடம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். ஈரத்தில் நீண்டு தெரியும் முடி காய்ந்ததும் மேலே ஏறும், சுருட்டை என்றால் இன்னும் ஏறும். போன புத்தாண்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நீ நெற்றி முடி வெட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? பாவம், ரொம்ப நாள் தொப்பியோடு திரிந்தாள்.

சாயம் கலக்கும்போது கையுறை போடு. புது ஆள் வந்தால் காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி, 48 மணி நேரம் கழித்து வரச்சொல். அவசரம் என்று கத்தினாலும் அசையாதே. கறுப்புச் சாயம் சிலருக்கு முகமே வீங்கும்படி ஒவ்வாமல் போகும்.

அப்பா இன்னும் கார்மெண்ட் ஃபாக்டரி வேலைப் பேச்சை விடவில்லை. 2025இல் குறைந்தபட்சக் கூலி மாதம் 208 டாலர், நிச்சயமான பணம் என்கிறார். நான்தான் உன் சித்தியைக் காட்டினேன். வருஷக்கணக்காகக் காலர் மட்டும் தைத்தவள், வெளியே வந்தபின் ஒரு முழுச் சட்டை தைக்கத் தெரியாமல் நின்றாள். நீயும் கொண்டையை மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறாய்.

பாட்டி உன் பக்கமா என் பக்கமா என்றே தெரியவில்லை. போல் பாட் ஆட்சிக் காலத்தில் பெண்கள் அத்தனை பேருக்கும் காதளவு ஒரே வெட்டு. சலூன் எங்கே, காசே கிடையாது அப்போது. இப்போது அவள் வயசுக்காரிகள் புத்த ஒழுக்கமான சீலம் எடுத்து, மொட்டையடித்துக்கொண்டு புத்த விகாரைக்குப் போகிறார்கள். இவள் என்னடாவென்றால், நீ வந்ததும் தலையைச் சுருட்டிவிட வேண்டுமாம்!

கத்தரிக்கோலுக்கு, ஃபோன்வழிப் பணம் அனுப்பும் விங்கில் பணம் போட்டிருக்கிறேன். மலிவானதை வாங்காதே, வாங்கியதில் காகிதம் வெட்டாதே. பணம் கைக்கு வந்ததும் ஃபோன் பண்ணு. அப்பா எடுத்தால் விலையை மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அம்மா