பூட்டிய வீட்டில் ஒரு பகுதியை டீச்சருக்குத் திறந்துவிடுங்கள்

செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் சங்கங்களுக்கும், ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் வாழும் ஆச்சிமார், செட்டியார் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வரும் டீச்சர் தங்குவதற்கு, பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இதைக் கல்வித் துறையிடம் அல்லவா கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கேயும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் வீடு உங்களிடம் இருக்கிறது.

1987-இல் தொடக்கப் பள்ளிகளுக்கு அடிப்படை வசதி செய்து தரும் மத்திய அரசின் கரும்பலகைத் திட்டம் வந்தபோது, ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு ஆசிரியர் வேண்டும், அதில் ஒருவர் கூடுமானவரை பெண்ணாக இருக்க வேண்டும் என்றார்கள். 1992-இல் இன்னும் ஒரு படி போய், இனிமேல் எடுக்கும் ஆசிரியர்களில் பாதிப் பேராவது பெண்கள் என்று முடிவானது. இன்று அந்தக் குறி எட்டப்பட்டுவிட்டது. 2024-25 கணக்குப்படி நாடு முழுவதும் பள்ளி ஆசிரியர்களில் 54 சதவீதம் பெண்கள். நம் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் பெண்களே அதிகம் என்பதைச் சொல்லவே வேண்டாம், எந்தப் பள்ளிக்குள் எட்டிப் பார்த்தாலும் தெரியும்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேலை பார்க்கும் ஊரில் ஒரு ராத்திரி தங்க இடமில்லை.

அவளுடைய காலை எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். சிவகங்கையிலோ திருப்பத்தூரிலோ வீடு. விடியுமுன் எழுந்து, சோறு வடித்து, பிள்ளைக்கும் தனக்கும் டப்பாவில் கட்டி, ஆறரை பஸ்ஸைப் பிடிக்கிறாள். காரைக்குடியில் இறங்கி அடுத்த பஸ். மெயின் ரோட்டில் இறங்கினால் அங்கிருந்து மினி பஸ். அது ஒரு நடை வராவிட்டால் கண்மாய்க் கரையோடு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். 2021-இல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது பெரிய உதவிதான். பஸ்ஸே இல்லாத தடத்தில் அதை வைத்து என்ன செய்வது? பேறுகால விடுப்பும் அதே ஆண்டில் 12 மாதமானது. அது முடிந்து, தூங்குகிற ஒரு வயதுப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்புகிற பெண்ணின் முகத்தை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன். அடுத்த கலந்தாய்வில் அவள் மாறுதல் கேட்டால் யார் குறை சொல்ல முடியும்?

அப்புறம் அந்தப் பள்ளி என்ன ஆகும்? கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஒருவர் மாறுதலில் போய் இடம் காலியாகக் கிடந்தால், மிச்சமிருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துச் சமாளிக்க வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளை ‘அ’ எழுதப் பழகியது ஒரு டீச்சரிடம், ‘ஆ’ எழுதுவது இன்னொருவரிடம் என்று ஆகிவிடுகிறது.

பதவி உயர்விலும் இதே கதைதான். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கான முன்னுரிமையை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றியது. தலைமையாசிரியை ஆக வேண்டுமானால் தெரியாத மாவட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும், பெண்கள்தான் பதவியை வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பார்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் போராடின. அந்தக் கவலை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். போகிற ஊரில் நம்பித் தங்க ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்தால், அவர்களில் சிலராவது துணிந்து கையெழுத்துப் போடுவார்கள்.

கிராமத்தில் வாடகை வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி, “தனியாவா இருப்பீங்க?” அடுத்தது, “நீங்க என்ன ஆளுக?” இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, வீடு இல்லை என்று திரும்பி வந்த டீச்சர்களை எனக்குத் தெரியும். நீங்கள் வீடு கொடுக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. இதை மட்டும் கெஞ்சிக் கேட்கவில்லை, உறுதியாகச் சொல்கிறேன்.

எனக்கு அந்தப் பாக்கியம் ஒரு முறை கிடைத்தது. ஓர் ஊரில் ஒரு ஆச்சி தன் வீட்டு இரண்டாங்கட்டில், அதாவது முன்பகுதிக்குப் பின்னால் உள்ள பகுதியில், இரண்டு அறையையும், பின்பக்க வாசலின் சாவியையும் எனக்குக் கொடுத்தார்கள். சாயங்காலம் நூறு நாள் வேலை முடிந்து வருகிற அம்மாக்கள் கிணற்றடியில் நின்று, “டீச்சர், எம்புள்ள வாசிக்குதா?” என்று கேட்பார்கள். பகலில் பள்ளிக்கு வந்து கேட்க அவர்களுக்கு நேரமும் கிடையாது, துணிச்சலும் வராது. பெரிய மனுஷி ஆனதும் ஒரு பெண்ணை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் போய் அவள் அப்பாவிடம் உட்கார்ந்து பேசினேன், மறு வாரம் அவள் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போனாள். நாலரை பஸ்ஸுக்கு ஓடியிருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது.

காசியிலும் ராமேஸ்வரத்திலும் வழிப்போக்கர் தங்க விடுதி கட்டியவர்கள் நீங்கள். வியாபாரத்தில் தர்மத்துக்கென்று ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்து ஊருணி வெட்டியவர்கள். அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார், சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்காக 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நான் கேட்பது ஒரே ஒரு கட்டு.

பங்காளிகள் சம்மதிக்க வேண்டும், குடி வைத்தால் காலி செய்வார்களா என்ற பயம் உங்களுக்கு இருப்பது தெரியும். அதனால் முன்பக்க முகப்பும் நடு முற்றத்து வளவும் உங்கள் பூட்டிலேயே இருக்கட்டும். சாமி அறை வழிபாடும், முன்னோருக்குப் படைக்கும் படைப்பும் உங்கள் வழக்கப்படி நடக்கட்டும். தனி வாசல் உள்ள பின்கட்டு, ஒரு கழிப்பறை, தண்ணீர், உள்ளே தாழ்ப்பாள் போதும். 11 மாத ஒப்பந்தம் போடுங்கள், பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திடுங்கள். இலவசம் வேண்டாம், டீச்சருக்கு வீட்டு வாடகைப்படி வருகிறது. வருகிற வாடகையில் ஓடு மாற்றலாம், கறையானுக்கு மருந்து அடிக்கலாம். ஆள் புழங்காத வீட்டில் தேக்குத் தூண் என்ன கதி ஆகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்போது பங்காளிகள் கூடியிருக்கும் நேரத்தில் இதைப் பேசுங்கள். பேசி முடிந்ததும் ஊர்ப் பள்ளிக்குப் போய்ப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் சொல்லுங்கள். அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எந்த டீச்சருக்கு வீடு தேவை என்பது அவர்களுக்குத் தெரியும். மாறுதல் கலந்தாய்வுக்கு முன்பே சொல்லிவிட்டால், வரப்போகிற டீச்சர் உங்கள் ஊரை விரும்பியே தேர்ந்தெடுக்கலாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
காரைக்குடி