மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாஸ்பரஸ் 2.6 நார்மல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் குழந்தைகளின் கால் வளைவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காலை வெயிலில் விளையாட விடுங்கள், பால், முட்டை, மீன் கொடுங்கள், டாக்டரைக் கேட்டு வைட்டமின் டி கொடுங்கள், சில மாதத்தில் கால் நேராகிவிடும் என்று போட்டிருந்தீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கடலூரில் பல வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன் நான். கட்டுரை கண்டுகொள்ளாமல் விட்ட சில குடும்பங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதுநகர் துறைமுகத்துப் பக்கம் வளர்கிற பிள்ளைக்கு வெயிலும் குறைவில்லை, மீனும் குறைவில்லை. 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டும் பாலில் கலக்கிக் கொடுத்தாயிற்று. கால் மட்டும் வளைந்துகொண்டே போகிறது என்றால் என்ன செய்வது?

அங்கேதான் பாஸ்பேட் வருகிறது. எலும்பு கெட்டிப்படக் கால்சியம் மட்டும் போதாது, பாஸ்பேட்டும் வேண்டும். சிறுநீரகம் வடிகட்டுகிற பாஸ்பேட்டில் நூற்றுக்கு 85, 90 பங்கை அதன் குழாய்களே திரும்ப இழுத்து ரத்தத்தில் சேர்த்துவிடும். எவ்வளவு இழுப்பது, எவ்வளவு வெளியே விடுவது என்பதில் கழுத்தில் இருக்கிற பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு என்பது பழைய பாடம். எலும்பு செல்களே ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுகின்றன என்பது 2000-ஐ ஒட்டித்தான் தெரியவந்தது. எஃப்ஜிஎஃப்23 என்று பெயர். எக்ஸ் குரோமோசோமில் இருக்கிற ஃபெக்ஸ் என்ற மரபணு பழுதாக இருந்தால் இந்த ஹார்மோன் தேவைக்கு மேல் சுரக்கும். உடனே சிறுநீரகக் குழாய்களில் பாஸ்பேட்டை இழுக்கிற புரதங்கள் குறைந்துபோகும், பாஸ்பேட் சிறுநீரில் ஓடிவிடும். அதோடு விட்டதா என்றால் இல்லை, வைட்டமின் டி சிறுநீரகத்தில்தான் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற வேண்டும், அந்த மாற்றத்தையும் இதே ஹார்மோன் தடுத்துவிடும். அதனால்தான் சாதாரண வைட்டமின் டி எத்தனை பாக்கெட் கொடுத்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதையாகிறது. 1937-லேயே ஆல்பிரைட் என்ற அமெரிக்க டாக்டர் வைட்டமின் டிக்கு மசியாத ரிக்கெட்ஸ் (பிள்ளைகளின் எலும்பு கெட்டிப்படாமல் வளைகிற நோய்) என்று இப்படிப்பட்ட நோயை எழுதிவைத்தார், காரணம் பிடிபட அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இந்த ஃபெக்ஸ் பழுது ஏறக்குறைய 20,000 பேருக்கு ஒருவருக்கு என்று கணக்குச் சொல்வார்கள். அபூர்வம்தான். ஆனால் வருகிற வீட்டில் ஒருவரோடு நிற்பதில்லை. அப்பாவுக்கு இருந்தால் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் வரும், ஆண் பிள்ளைகளுக்கு வராது. அம்மாவுக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக ஒரு பிள்ளைக்கு வருவதும் உண்டு. நம்ம ஊரில் இதைக் கேட்டால் மாமன் மகளைக் கட்டியதால் வந்தது என்பார்கள், இல்லாவிட்டால் அவங்க வீட்டு வாகே அப்படி என்று முடித்துவிடுவார்கள். எக்ஸ் குரோமோசோம் வழி வருகிற இந்த வகைக்கு உறவுக்குள் கல்யாணம் காரணமே இல்லை. (உறவுத் திருமணத்தில் அதிகம் தலைகாட்டுகிற பாஸ்பேட் நோய்கள் வேறு சில இருக்கின்றன, அவை இதைவிடவும் அபூர்வம்.) மருமகளைக் குத்திக்காட்டுகிற மாமியார்கள் தங்கள் மகன் நடக்கிற நடையையும் கொஞ்சம் பார்க்கலாம்.

இப்போது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன், எனக்குக் கோபமும் இங்கேதான். பேர் வேண்டாம், ஒரு லேப் கொடுத்த ரிப்போர்ட்டைக் கொஞ்ச நாளைக்கு முன் ஒரு தகப்பனார் என்னிடம் கொண்டுவந்தார். பிள்ளைக்கு மூன்று வயது. கால்சியம் சரியாக இருக்கிறது, எலும்பு நோயில் ஏறுகிற ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைம் எகிறிக் கிடக்கிறது, பாஸ்பரஸ் (ரத்தத்தில் இருக்கிற பாஸ்பேட்டை ரிப்போர்ட்டில் இப்படித்தான் எழுதுவார்கள்) 2.6. பக்கத்தில் நார்மல் அளவு என்று 2.5 முதல் 4.5 வரை அச்சடித்திருக்கிறது. எண்ணைத் தடித்த எழுத்தில் காட்டவில்லை, அம்புக்குறியும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் நார்மல் என்றே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது பெரியவர்களுக்கான அளவு! வளர்கிற பிள்ளைக்குப் பாஸ்பரஸ் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும், அந்த வயதில் 4 முதல் 6 வரை இருப்பது சாதாரணம். மெஷினில் ஒருமுறை ஏற்றிவைத்த அளவையே பச்சைக் குழந்தைக்கும் எண்பது வயதுத் தாத்தாவுக்கும் ஒரே மாதிரி அச்சடித்துக் கொடுத்தால் யாரைக் குறை சொல்வது? ரத்தத்தில் பாஸ்பரஸும் கிரியாட்டினினும், அதே வேளையில் எடுத்த சிறுநீரில் அதே இரண்டும் பார்த்தால் சிறுநீரகம் பாஸ்பேட்டை வீணடிக்கிறதா என்று கணக்குப் போட்டுவிடலாம். பெரிய செலவு இல்லை.

வைத்தியம் இருக்கிறது. பாஸ்பேட் மருந்தை ஒரு நாளைக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுப்பார்கள், கூடவே கால்சிட்ரியால் போல நேராக வேலை செய்யும் வைட்டமின் டி. பாலோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது, கால்சியம் அதைப் பிடித்துக்கொண்டால் உடம்பில் சேராது. பாஸ்பேட்டை மட்டும் தனியாகக் கொட்டினால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறும், வைட்டமின் டி அதிகமானால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும், ஆகவே இது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி மருந்துக்கடையில் வாங்குகிற வைத்தியம் இல்லை. இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. எஃப்ஜிஎஃப்23 ஹார்மோன் தப்பே செய்யாமல், பாஸ்பேட்டை இழுக்கிற புரதமே பழுதான ஒரு வகை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு உடம்பே வைட்டமின் டியை அதிகமாக முடுக்கிவிட்டிருக்கும், சிறுநீரில் கால்சியமும் கூடப் போகும். அவர்களுக்குக் கால்சிட்ரியால் கொடுத்தால் கல்தான் மிச்சம். அதனால் எந்த வகை என்று பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது. எஃப்ஜிஎஃப்23 ஹார்மோனையே மடக்குகிற புரோசுமாப் ஊசிக்கு 2018-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது, விலையைக் கேட்டால் நம்மைப் போன்றவர்களுக்குத் தலை சுற்றும்.

பல்லையும் கட்டுரை தொடவில்லை. சொத்தையே இல்லாத பல்லடியில் சீழ்க்கட்டி வந்தால் பல் டாக்டர்களும் இந்த நோயை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த இணைப்பில் நாலு வரி போடுங்கள், போதும். வைட்டமின் டி கொடுத்து ஒரு மாதம் போல ஆகியும் மணிக்கட்டு எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியவில்லை என்றால் மறுபடி அதே பாக்கெட்டை நீட்டாமல் பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும். லேப்காரர்கள் வயதுவாரியாக அளவை அச்சடிக்கட்டும். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி நமக்குக் கூப்பிடு தூரம், பாண்டி பஸ் ஏறுகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டையும் எக்ஸ்ரேயையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப்போகட்டும், அப்பா அம்மாவின் உயரத்தையும் ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளட்டும், அங்கே கட்டாயம் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.