நைஜர் ஆத்துப் பாட்டும் நம்ம வண்டல் மண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம் சார்,

பாபநாசம் பக்கத்துல இருந்து எழுதுறேன், இருபத்திரண்டு வருஷமா தஞ்சாவூர் ஓவியம் பண்றவ. மார்கழி வந்தா நம்ம பேப்பர்ல கச்சேரிக்குன்னே தினம் இடம் ஒதுக்குறீங்க, ஒரு வரி விடாம படிப்பேன். அதே மாதிரி மாசத்துக்கு ஒரு தடவையாவது ஆப்பிரிக்கா பாட்டுக்காரங்களைப் பத்தியும் போடுங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர். படம் வரையிறவளுக்கு இதுல என்ன வந்துச்சுன்னு தோணும், அதனால நடந்ததை முதல்லேருந்து சொல்லிடுறேன்.

படத்துல தங்க ரேக்கு, அதாவது மெல்லிசு தங்கத் தகடு, ஒட்டுறப்ப ஃபேன் போட முடியாது சார், பறந்துடும். சித்திரை மாசத்துலயும் ஜன்னலைச் சாத்திட்டு வேர்த்து ஊத்த உக்காந்திருப்பேன், அந்த நேரத்துல பாட்டு ஒண்ணுதான் துணை. மூணு வருஷம் முன்னாடி என் தங்கச்சி பையன் ஊருக்கு வந்தப்ப "பெரியம்மா இதைக் கேளுங்க"ன்னு போன்ல ஒண்ணு போட்டுக் குடுத்தான். ஒரே ஒரு கிட்டார், ஒரு மனுஷன் குரல். என்ன பாஷைன்னு கூட தெரியல. ஆனா ரெண்டு நிமிஷத்துல என் கை நின்னுபோச்சு, ரேக்கை அப்படியே கீழ வெச்சுட்டு சுவத்துல சாஞ்சு கேட்டேன்.

அவர் பேர் அலி ஃபார்க்கா டூரே, மாலி நாட்டுக்காரர், 1939ல பொறந்தவர். நைஜர் ஆத்தங்கரையில நியாஃபுங்கேன்னு ஊர். உலகமெல்லாம் பேர் வாங்கி கிராமி அவார்டு எல்லாம் வந்தும் தன்னை விவசாயின்னுதான் சொல்லிக்கிட்டவர். 1999ல வந்த ஆல்பத்துக்கு ரெக்கார்டிங் மெஷினையே அவர் ஊருக்குத் தூக்கிட்டுப் போய் பதிவு பண்ணியிருக்காங்க. 2004ல ஊருக்கு மேயராவும் ஆகி சொந்தக் காசுல ரோடு சரி பண்ணி, சாக்கடை வெட்டி, ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தி கரெண்ட் குடுத்திருக்கார். 2006ல இறந்துட்டார்.

நம்ம காவேரி மாதிரியே நைஜரும் மாலிக்குள்ள பல கிளையா பிரிஞ்சு பெரிய டெல்டா ஆகுது, ஆனா கடல்கிட்ட இல்ல, நாட்டுக்கு நடுவுலயே. ஆப்பிரிக்காவுக்குன்னு தனியா ஒரு நெல் இனம் இருக்கு சார், மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அந்தப் பக்கத்துலதான் அதைப் பயிர் பண்ண ஆரம்பிச்சாங்கன்னு சொல்றாங்க. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல, நெல் வெளையிற ஊர்க்காரன் பாட்டுன்னு தெரியாமலேயே நான் அதைக் கேட்டு உருகியிருக்கேன் பாருங்க.

அந்தப் பாட்டு எப்படின்னா, ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் லேசா ஏதோ மாறும், நடுநடுவுல சும்மா விட்டுருப்பார். அந்தச் சும்மா விட்ட எடம்தான் என்னைப் பிடிச்சு ஆட்டுச்சு. எங்க படத்துல சும்மா எடமே கிடையாது சார். மக்குன்னு ஒரு பசைக் கலவை வெச்சு மேடு கட்டி, ஜெய்ப்பூர் கல்லு பதிச்சு, ரேக்கு ஒட்டி, தூணு, தோரணம், திரைன்னு மூலை முடுக்கெல்லாம் நெரப்பிடுவோம், அதுக்குன்னு ஒரு அழகு இருக்கு, நான் அதைக் குறை சொல்லல. ஆனா எங்க தாத்தா நடவு வயல்ல நின்னு சொல்வார், நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு ஏரோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோடன்னு. பயிருக்கே இவ்வளவு எடைவெளி வேணும்னா படத்துக்கு வேண்டாமான்னு அந்தப் பாட்டைக் கேக்குறப்பதான் ஒறைச்சுது. அலி ஃபார்க்கா விரல் ஒரு சுரத்துலேருந்து அடுத்த சுரத்துக்குப் போறதுக்குள்ள ஒரு நண்டு நிம்மதியா ஓடிடும்.

அப்புறம் எங்க அம்மா பாடின நடவுப் பாட்டு ஞாபகம் வந்துச்சு. ஒருத்தி எடுத்துக் குடுப்பா, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க, குனிஞ்ச முதுகு ஒரே வரிசையா பின்னாடி நகரும். இப்ப மெஷின் நடவு, பாட்டு இல்ல. அதைப் படமா போட்டேன். ஆறு பொம்பளைங்க, சேத்துத் தண்ணி, மேல முக்கால்வாசி பலகை வெறும் வானம். தங்கம் எங்கயும் இல்ல, ஒருத்தி மூக்குத்தியில மட்டும் ஒரு பொட்டு. வழக்கமா என் படம் வாங்குற கடையில "இது தஞ்சாவூர் பெயின்டிங்கே இல்ல, காலி எடத்துல கல்லு வெச்சுட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அழுதேன்தான். ஆனா கல்லு வெக்கல.

கலருக்கும் அந்தப் பாட்டுதான் வழி காட்டுச்சு. மாலியைப் பத்தித் தேடித் தேடிப் படிக்கிறப்ப போகோலான்னு சேத்துத் துணி ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. எலைய வேகவெச்ச தண்ணியில துணியை நனைச்சுக் காயவெச்சு, ரொம்ப நாளா ஊறப்போட்ட ஆத்துச் சேத்தால மேல எழுதுவாங்க. எலையில உள்ள துவர்ப்பும் சேத்துல உள்ள இரும்பும் சேந்து கறுப்பா புடிச்சுக்கும். அட, இது நம்ம கருப்பூர் கலம்காரிக்காரங்க வித்தை இல்லையா? சிக்கல்நாயக்கன்பேட்டையில கடுக்காய்ல துணியை ஊறவெச்சு இரும்புக் கறுப்புல எழுதுறாங்களே அதேதான், 2021ல அதுக்குப் புவிசார் குறியீடும் கெடைச்சுது. நானும் வாய்க்கால் சேறெடுத்து, துருப்பிடிச்ச ஆணி, வெல்லத் தண்ணி போட்டு ஊறவெச்சேன். முதல் தடவை வெளிறிப்போய் சாம்பல் மாதிரி வந்துச்சு, மூணாவது தடவைதான் கறுப்பு நின்னுச்சு. இப்ப என் படத்துல மண்ணுன்னா நெசமாவே எங்க ஊர் மண்ணு சார்.

ஆப்பிரிக்கா மியூசிக்னாலே வெறும் கொட்டுச் சத்தம்னு நம்ம ஆளுங்க நினைக்கிறாங்க, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். அம்பத்துநாலு நாடு இருக்கு அங்க. மாலியிலயே கோரான்னு இருபத்தியொரு கம்பி உள்ள வாத்தியம் இருக்கு, பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியா அறுத்து மாட்டுத்தோல் போத்தினது, 2024ல இறந்துபோன டூமானி ஜபாத்தே வாசிச்சா ரெண்டு மூணு பேர் சேந்து வாசிக்கிற மாதிரி இருக்கும், அப்பா புள்ளைன்னு வழிவழியா வர்ற இசைக் குடும்பம், நம்ம நாதஸ்வரக் குடும்பங்கள் மாதிரி. ஜிம்பாப்வேல எம்பிரான்னு கட்டைவிரலால மீட்டுற வாத்தியம், 2020ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு, அதுல நத்தை ஓடும் பாட்டில் மூடியும் மாட்டி வேணும்னே ஒரு இரைச்சல் வர வெப்பாங்க. நம்ம தம்புராவுல கம்பிக்கு அடியில ஜீவான்னு ஒரு நூல் வெக்கிறோமே, அதே ஆசைதான்.

இதையெல்லாம் எழுத வெவரம் தெரிஞ்சவங்க கண்டிப்பா இருப்பாங்க, அவங்களைக் கேட்டு வாங்கிப் போடுங்க சார். ஓவியம் சொல்லித் தர்ற கல்லூரி வாத்தியாருங்களுக்கும் நம்ம பேப்பர் மூலமா ஒரு வேண்டுகோள், கிளாஸ்ல பசங்க வரையிறப்ப வாரத்துல ஒரு மணி நேரம் இந்தப் பாட்டுங்களைப் போட்டு விடுங்க, என்ன வரையணும்னு சொல்லாதீங்க. எனக்கு இது நாப்பத்தாறு வயசுல கெடைச்சுது, அந்தப் புள்ளைங்களுக்குப் பத்தொம்பதுலயே கெடைக்கட்டும். வாய்க்கால்ல தண்ணி வந்திருக்கு, அடுத்த பலகைக்குச் சேறு எடுக்கப் போகணும்.

இப்படிக்கு,
ஒரு ஓவியர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.