ஹெல்மெட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள சரவணா,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சுகம். போனில் பேசலாம்தான். ஆனால் நீ கூப்பிட்டாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. போர் மோட்டாரைச் சரி செய்தாயிற்று. அக்கா அடுத்த மாதம் வருகிறாள். மற்றதெல்லாம் நேரில்.

பொங்கலுக்கு வந்தபோது உன் வண்டியைத் துடைத்து வைத்தேன். வலது பக்கக் கண்ணாடி புதுசு, இடது பழசு. பிரேக் லீவர் நுனி மழுங்கியிருக்கிறது. சைலன்சரில் நீளமாக ஒரு கோடு. நின்ற வண்டி சாய்ந்தால் நசுங்கும். இப்படி இழுத்த கோடு விழாது. நீ முழுக்கைச் சட்டையைக் கடைசிவரை மடித்துவிடவே இல்லை. அம்மா அதைப் பட்டணத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ளட்டும். நானும் எதுவும் கேட்கவில்லை.

சொந்தக் காலில் நின்று லோன் போட்டு வாங்கிய வண்டி. அப்பனிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. டிப்போ பக்கம் போனால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் உளுந்தூர்பேட்டை பைபாஸில் மீட்டர் 118 காட்டுவதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாயே, அதை யாரிடம் காட்டிப் பெருமைப்படுவது? படம் எடுத்த கை எந்தக் கை? ஹேண்டில்பாரில் இருக்கவேண்டிய கைதானே?

இரவில் வண்டியில் வராதே. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த ரோட்டில் எத்தனை வருஷம் பஸ் ஓட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். இப்போது கரும்பு வெட்டு. ஆலைக்குப் போகிற டிராக்டர், பின்னால் டிரெய்லர், சிவப்பு விளக்கும் இருக்காது, ஒளிரும் ஸ்டிக்கரும் இருக்காது. தோகை தொங்கிக்கொண்டு ரோடும் அதுவும் ஒரே நிறமாகத் தெரியும். பஞ்சரான லாரியை ஓரத்தில் நிறுத்தி, நாலு கல்லை வைத்துவிட்டு டிரைவர் தூங்கப் போயிருப்பான். எதிரே வருகிறவன் லைட்டை டிம் பண்ணமாட்டான். 100-இல் போனால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறாய், நான் ஓட்டிய மாதிரி பஸ் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் அதற்கு மேல். டிரெய்லர் கண்ணில் பட்டு, அது நிற்கிறதா நகர்கிறதா என்று தெரிந்து, விரல் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த நொடி முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும். ஏபிஎஸ் இருக்கிறது என்பாய். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், ரோட்டை நீட்டித் தராது.

அப்புறம் விடியற்காலை 3 மணியிலிருந்து 5 மணி. கண் திறந்தபடி தூங்குகிற நேரம் அது. எங்களுக்குக் கண்டக்டர் முன்னால் வந்து பேச்சுக் கொடுப்பார், விக்கிரவாண்டியில் டீக்கு நிறுத்துவோம். உனக்கு யார் இருக்கிறார்கள்? ஹெல்மெட்டுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

2022-இல் நம் மாநிலத்தில் மட்டும் ரோட்டு விபத்தில் உயிர் போனவர்கள் 17,884 பேர் என்று மாமா பேப்பரில் படித்துக் காட்டினார். நாடு முழுவதும் அந்த ஒரே வருஷத்தில் ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50,029. நாடு முழுவதும் விபத்தில் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18-லிருந்து 45 வயதுக்குள். பாதிக்குமேல் உன் செட்டு பையன்களாக இருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அம்மா உடனே, விபத்தில் அடிபட்டவர்களுக்கு அரசாங்கம்தான் முதல் 48 மணி நேரம் இலவசமாக வைத்தியம் பார்க்கிறதே என்றாள். 'இன்னுயிர் காப்போம்' நல்ல திட்டம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வரை வந்து சேர்பவனுக்குத்தான் அந்த 48 மணி நேரம்.

நீ ஹெல்மெட் போடுகிறாய், தெரியும். நல்ல பிள்ளை. கிளிப்பையும் மாட்டு. மாட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே தனியாகப் போய்விடும். இன்னொன்று: ஒருமுறை ரோட்டில் அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக்கூடாது. வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். அடுத்த அடியை அது தாங்காது. உன்னுடையது அடிபட்டதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. உன் கணக்கில் 3,000 ரூபாய் போட்டிருக்கிறேன். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, முகம் முழுக்க மூடுகிறதாக வாங்கு. நடைபாதைக் கடையில் வாங்காதே. மீதியைத் திருப்பி அனுப்பவேண்டாம்.

மாசி மகத்துக்கு வருவாய்தானே? பஸ்ஸில் வா. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளாம்பாக்கத்தில் திருச்சி வண்டி ஏறினால் விடிவதற்குள் பெரம்பலூர். பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்துவிடுகிறேன். வழியில் டிரைவர் டீக்கு நிறுத்தினால், லேட்டாகிறது என்று கத்துகிறவர்களோடு சேராதே. அவன் முகம் கழுவிக்கொண்டு வரட்டும்.

அப்பா