வாத்தலகியின் மூச்சு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு சிறுவர் பகுதியில் பிளாட்டிபஸ் என்கிற வாத்தலகி பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். முட்டையிடும் பாலூட்டி, வாத்து போன்ற அலகு என்பதோடு முடித்துவிட்டீர்கள். அந்த அலகின் அருமையைச் சொல்ல வேண்டாமா? தண்ணீருக்குள் போனதும் வாத்தலகி கண், காது, மூக்குத் துளை எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். ஆற்றடிச் சேற்றில் ஒரு இறால் அசைந்தால் எழும் நுண்ணிய மின்துடிப்பை அலகின் மென்தோல் உணர்ந்துவிடும். தாய்க்கு முலைக்காம்பு கிடையாது. வயிற்றுத் தோலில் கசியும் பாலைத்தான் வளைக்குள் குட்டிகள் குடித்து வளரும்.

சரி, என்னை வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஆறுகளிலும் டாஸ்மேனியாவிலும் வாழும் இந்த ஜீவன், 'யாபி' என்னும் நன்னீர் இறால் பிடிக்கப் போடும் மூடிய கூண்டுக்குள் இரைதேடிப் புகுந்துவிடும். மூச்சுவிட மேலே வர வழியில்லாமல் சில நிமிடங்களில் செத்துப்போகும். விக்டோரியா மாநிலம் 2019இலும், நியூ சவுத் வேல்ஸ் 2021இலும் இந்தக் கூண்டுகளைத் தடைசெய்தன. மேலே திறப்புள்ள வலையிலும் யாபி சிக்கும். வாத்தலகி தப்பித்து வெளியேறிவிடும். குழந்தைகளுக்கு இதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை