ஜோஹானிஸ்க்ரௌட் கேட்டிருந்தியே

ஏய் செல்லம்,

உன் மெயில படிச்சதும் ரெண்டு தடவ போன் போட்டேன், நீ எடுக்கல, அதான் உக்காந்து எழுதிட்டேன். மாடில பாகக்கொடி காய்ச்சிருக்கு, சின்னவ ஸ்கூல்ல பரதம் ஆடுனான்னு படிக்கறப்ப அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, அடுத்த வரியிலயே மனச்சோர்வுக்கு டாக்டர் குடுத்த எஸ்சிடலோபிராம நானே நிறுத்திட்டேன், 9 நாளாச்சு, டிசம்பர்ல தம்பி வர்றப்ப ஜோஹானிஸ்க்ரௌட்ங்கற அந்த ஜெர்மன் மூலிகை மாத்திரை 4 டப்பா குடுத்துவிடுன்னு இருக்கு. குடுத்துவிட மாட்டேன்டி. கோவப்படாம முழுசா படி.

அது மோசமான மருந்துன்னு சொல்லல. அம்மா போனப்புறம் நானே நாலு மாசம் அதத்தான் சாப்ட்டேன், எனக்குக் கேட்டுச்சு. இங்க ஸ்டுட்கார்ட்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி தண்டவாளத்து ஓரமா தானா வளருது, மஞ்சப் பூ, மொட்ட நசுக்குனா விரல்ல ரத்தம் மாதிரி செவப்பா ஒட்டும், ஜூன் 24 யோவான் திருநாளுக்கு பூக்கறதாலதான் ஜோஹானிஸ்க்ரௌட்னு பேரு. லேசான மனச்சோர்வுக்கு மருந்துக்கடைல சும்மாவே வாங்கலாம், கொஞ்சம் அதிகமா இருந்தா டாக்டர் சீட்டு வேணும். 2008-ல 29 ஆய்வு, 5,489 பேரோட கணக்க ஒண்ணா சேத்துப் பாத்தப்ப, மருந்தே இல்லாத வெத்து மாத்திரைய விட நல்லாவே வேலை செய்யுது, வழக்கமான மாத்திரைங்களுக்குச் சமமா நிக்குது, பக்கவிளைவும் கம்மின்னு வந்துச்சு. ஆனா 2002-ல அமெரிக்கால 340 பேர வெச்சுப் பண்ண ஒரு ஆய்வுல வெத்து மாத்திரைய தாண்டல, அதே ஆய்வுல செர்ட்ரலின்ங்கற வழக்கமான மனச்சோர்வு மாத்திரையும் தாண்டலங்கறதையும் சொல்லணும்.

நான் வாங்கப் போன அன்னைக்கு அந்த கடைக்கார அம்மா டப்பாவ கைல வெச்சுக்கிட்டே வேற என்ன மாத்திரை சாப்பிடுறன்னு கேட்டாங்க. கருத்தடை மாத்திரைன்னேன். அப்படின்னா அத நம்பாத, இது கல்லீரல முடுக்கிவிட்டு மத்த மருந்தையெல்லாம் சீக்கிரம் உடம்ப விட்டு வெளிய தள்ளிரும்னாங்க. 2000-ல சூரிச்ல இதய மாற்று ஆபரேஷன் பண்ண ரெண்டு பேருக்கு, இந்த மூலிகைய சேத்து சாப்ட்டதால புது இதயத்த உடம்பு ஒதுக்காம காப்பாத்துற மருந்தோட அளவு ரத்தத்துல இறங்கி, உடம்பு புது இதயத்த ஏத்துக்க மாட்டேன்னுருச்சு, நிறுத்துனப்புறம்தான் சரியாச்சு. மூலிகைதானேன்னு டாக்டர்கிட்ட சொல்லாம விடுறது எவ்ளோ ஆபத்து பாரு. இதயே உன் எஸ்சிடலோபிராம் கூட சேத்தா மூளைல சேதி கடத்துற செரோடோனின் எக்கச்சக்கமா ஏறி நடுக்கம், வேர்வை, படபடப்பு, தசை வெறைச்சுக்கறதுன்னு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போயிரலாம். அந்த மாத்திரை இன்னும் கொஞ்சம் உடம்புல இருக்கறப்ப இத ஆரம்பிக்கறதும் டாக்டர கேட்டுத்தான்.

அப்புறம் உங்க அத்தை பால்ல கலக்கிக் குடுக்குற அமுக்கரா சூரணம், அதான் அஸ்வகந்தா. பதட்டம், தூக்கத்துக்கு கொஞ்சம் உதவுதுன்னு சின்னச் சின்ன ஆய்வுங்க இருக்கு, அத்தை பாசத்துலதான் தர்றாங்க, அத நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனா நீ காலைல வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை போடுறவடி! அமுக்கரா தைராய்டு ஹார்மோன ஏத்திவிடலாம், அப்ப படபடப்பு கூடும், நீ அத மனப்பதட்டம்னு நெனச்சுப்ப. அபூர்வமா ஈரல் பாதிச்சதும் உண்டு, டென்மார்க்ல 2023-ல தடையே பண்ணிட்டாங்க. நம்ம ஊரு சர்ப்பகந்தி வேருல இருந்து 1952-ல ரெசர்பைன்னு ஒண்ணப் பிரிச்சு பிரஷருக்குக் குடுத்தாங்க, சிலருக்கு மனசு ரொம்ப சோர்ந்துபோச்சுன்னு அப்ப டாக்டருங்க எழுதி வெச்சிருக்காங்க. வேருன்னாலும் மாத்திரைன்னாலும் மூளைய தொட்டா தொட்டதுதான்.

மண்டைக்குள்ள ஷாக் அடிக்குற மாதிரி இருக்கு, தலை சுத்துது, காரணமே இல்லாம அழுக வருதுன்னு எழுதியிருந்தியே, அதப் படிச்சுட்டு எனக்குத் தூக்கமே வரல. அது நீ சடார்னு நிறுத்துனதால வர்றது செல்லம், நோய் திரும்பிருச்சுன்னு பயந்துறாத. அடிமையாயிருவேன்னு பயந்து விட்டேன்ன, சாராயம் மாதிரி ஏங்கவைக்கிற மருந்து இல்ல அது, ஆனா உடம்பு பழகிருச்சு, அதனால டாக்டர் பாத்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். பகல்ல தூங்கி வழியுது, உடம்பு ஊதுதுன்னா அதச் சொல்லு, வேற மாத்திரை மாத்துவாங்க. பக்கத்து வீட்டுல பைத்தியத்துக்குத் தர்ற மாத்திரைன்னு சொன்னாங்களாமே, அந்த வார்த்தைக்காக நீ 9 நாள் இப்படி தவிச்சியேன்னு இருக்கு எனக்கு.

நாளைக்கே டாக்டர்கிட்ட போ. வீட்ல இருக்கற சூரணம், மாத்திரை, ஆன்லைன்ல வாங்குன டப்பா எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பைல போட்டு அப்படியே அவரு டேபிள்ல கொட்டு. ராத்திரில தாங்க முடியாம போச்சுன்னா, சாகலாம்போல தோணுச்சுன்னா 14416, அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், உடனே அடி, எனக்கும் அடி, இங்க எத்தன மணின்னு பாக்காத.

தம்பிகிட்ட சாக்லேட்டும் சின்னவளுக்கு ஸ்வெட்டரும் குடுத்துவிடுறேன். பொங்கலுக்கு நான் வர்றேன், டிக்கெட் போட்டாச்சு. நாளைக்கு டாக்டர பாத்துட்டு வந்து போன கைலயே வெச்சுக்க, உங்க நேரம் ராத்திரி எட்டுக்குக் கூப்புடுறேன்.

உன் ரூம்மேட்