முடிவெடுக்கும் முன்பே ஊருக்குத் தெரியட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊராட்சி மன்றத் தேர்தல் மீண்டும் வேண்டுமா என்ற விவாதம் நம் மலேசியாவில் அவ்வப்போது தலைதூக்குவதும், கொஞ்ச நாளில் கட்சிச் சண்டையாக மாறி அடங்கிப்போவதும் வழக்கமாகிவிட்டது. அந்த விவாதம் நடக்கட்டும்; நடக்கவும் வேண்டும். ஆனால் தேர்தல் வருவதற்கு முன்பே, எந்தச் சட்டத்தையும் திருத்தாமலேயே, பினாங்கின் இரண்டு மாநகர் மன்றங்களும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஒரு வட்டாரத்தைப் பற்றிய முடிவு எப்போது, எங்கே, எந்தக் கூட்டத்தில் எடுக்கப்படப்போகிறது என்பதை அவ்வட்டாரத்து மக்களின் கண்ணில் படும்படி முன்கூட்டியே எழுதி ஒட்டுவதுதான் அது. இதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் குடியிருக்கும் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), மாலை வேளைகளில் பிள்ளைகள் பந்து விளையாடி வந்த திடலின் ஒரு பகுதி வாகன நிறுத்துமிடமாகிவிட்டது. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்பது உண்மை. எங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் எங்களில் பலர் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கவும் கூடும். கல்லும் மணலும் லோரியில் வந்து இறங்கிய பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரியவந்தது என்பதுதான் மனத்தாங்கல். விசாரிக்கப் போனவர்களுக்கு, அது எப்போதோ முடிவான விவகாரம் என்ற பதில் கிடைத்தது. அந்தக் கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது, அதில் யார் என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எங்கள் புளோக்கில் ஒருவருக்கும் தெரியாது.

என் மகளின் குடும்பம் இங்கிலாந்தில், கென்ட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறது. அங்கே சென்று தங்கியிருந்தபோது, அவ்வூரின் பேரிஷ் கவுன்சில் எனப்படும் கிராம மன்றம் நடந்துகொள்ளும் விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். இந்த மன்றங்கள் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியவை. அதுவரை தேவாலயத்தின் கையில் இருந்த ஊர் நிர்வாகம் அந்தச் சட்டத்தால்தான் ஊராரின் கைக்கு மாறியது. திருமணமான பெண்களும் அதில் வாக்களிக்கவும் போட்டியிடவும் அப்போதே உரிமை பெற்றார்கள். இன்று இங்கிலாந்தில் சுமார் 10,000 கிராம, சிறுநகர மன்றங்கள் இருக்கின்றன. உறுப்பினர்களுக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. செயலாளர் ஒருவருக்கு மட்டும், பெரும்பாலும் பகுதிநேர வேலையாக, ஊதியம் உண்டு. விளையாட்டுத் திடல், இடுகாடு, பேருந்து நிழற்குடை, காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் துண்டு நிலங்கள், பொது இருக்கைகள் போன்றவை அவர்களின் பொறுப்பில் வரும். இதற்காகும் செலவை அவர்களே கணக்கிட்டு ஒரு தொகையை நிர்ணயிக்க, மேல்நிலை மன்றம் அதை வீட்டு வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுக்கிறது.

நான் பார்த்த ஊரில், பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிய மரப்பலகை ஒன்று இருந்தது. அதில் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் செயலாளரின் கையெழுத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. திடலில் இருக்கும் ஊஞ்சலின் தேய்ந்த சங்கிலியை மாற்றுவது, நடைபாதைக் கைகாட்டியை மறைக்கும் வேலிச்செடியை வெட்டச் சொல்வது, ஒரு வீட்டுக்காரர் பின்கட்டை நீட்டிக் கட்டக் கேட்டிருக்கும் அனுமதி பற்றி மன்றத்தின் கருத்தைத் தெரிவிப்பது என ஒவ்வொன்றும் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தது. பக்கத்திலேயே முந்தைய கூட்டத்தின் குறிப்பு. அதன் அடியில் புல் வெட்டியவருக்கு எவ்வளவு, காப்புறுதிக்கு எவ்வளவு, செயலாளரின் சம்பளம் எவ்வளவு என்று அந்த மாதம் கொடுத்த பணமெல்லாம் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தது. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் அதை நின்று படித்தார்கள். நானும் படித்தேன்.

இந்தப் பலகை ஊராரின் நல்லெண்ணத்தால் மட்டும் வந்ததன்று. கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று முழு நாள்களுக்கு முன்பே, ஊரில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும் என்று 1972ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கட்டளையிடுகிறது. ஒட்டிய நாளும் கூட்டம் நடக்கும் நாளும் அந்த மூன்றில் சேராது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத விவகாரம் எதிலும் மன்றம் முடிவெடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் அது செல்லாது. ஒரு மன்றத்தைக் கட்டுப்படுத்த இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கூட்டத்துக்குள் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் நுழையும் உரிமை 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் உறுதி செய்யப்பட்டது. அப்போது புதிய உறுப்பினராக இருந்த, பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர், நாடாளுமன்றத்தில் தமது கன்னியுரையிலேயே முன்வைத்த தனிநபர் மசோதாவே அந்தச் சட்டமாயிற்று. அவருடைய பிற்கால அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை; ஆயினும் இந்த ஒரு சட்டத்துக்காக அவருக்கு உரிய பாராட்டைக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஊர் மண்டபத்தில் நடந்த கூட்டம் ஒன்றுக்கு மகளோடு நானும் போனேன். வெளிநாட்டுக்காரனான என்னை யார் என்றோ, எதற்காக வந்தேன் என்றோ எவரும் கேட்கவில்லை. நாற்காலி ஒன்றைக் காட்டினார்கள், உட்கார்ந்தேன். தொடக்கத்தில் பொதுமக்கள் பேசுவதற்குச் சிறிது நேரம் ஒதுக்கப்பட்டது. வயதான பெண்மணி ஒருவர் எழுந்து, நிழற்குடையின் கூரை ஒழுகுவதையும், சாலையோரப் பள்ளத்தில் மழைநீர் தேங்கி, வரும் கார்கள் அதை வாரியடிப்பதையும் சொன்னார். கூரை தங்கள் பொறுப்பு என்று கூறிய தலைவர் அதைக் குறித்துக்கொள்ளச் செயலாளரிடம் சொன்னார். சாலைப் பள்ளம் மாவட்ட மன்றத்தைச் சேர்ந்தது என்றும், செயலாளரே அங்கே எழுதிப் பதிலை அடுத்த கூட்டத்தில் தெரிவிப்பார் என்றும் விளக்கினார். பெரிய வாக்குறுதி எதுவும் தரப்படவில்லை. ஆனால் தம் பேச்சு எங்கே பதிவாகிறது, பதில் எப்போது வரும் என்பது அந்த அம்மையாருக்குத் தெரிந்துவிட்டது.

மன்றக் கூட்டம் தவிர, ஆண்டுக்கு ஒரு முறை, மார்ச் 1ஆம் தேதிக்கும் ஜூன் 1ஆம் தேதிக்கும் இடையில், வாக்காளர்கள் அனைவருக்குமான ஊர்க்கூட்டம் நடந்தாக வேண்டும். அது மன்றத்தின் கூட்டமன்று, ஊராரின் கூட்டம். வேலைக்குப் போகிறவர்களும் வரவேண்டும் என்பதற்காக மாலை 6 மணிக்கு முன் அதைத் தொடங்கக் கூடாது என்றுகூடச் சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். வேறு சமயத்தில் அவசரம் என்றால், வாக்காளர்கள் ஆறு பேர் சேர்ந்தாலே ஊர்க்கூட்டத்தைக் கூட்டலாம். கணக்குப் புத்தகங்களோ ஆண்டுதோறும் 30 வேலை நாள்கள் மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கப்படுகின்றன. அதில் ஐயம் இருந்தால் வாக்காளர் எவரும் வெளித் தணிக்கையாளரிடம் ஆட்சேபம் எழுப்பலாம்.

அங்கே எல்லாம் குறையின்றி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பல ஊர்களில் மன்றத்துக்கு நிற்க ஆள் கிடைப்பதில்லை; போட்டியே இல்லாமல் இடங்கள் நிரம்புகின்றன, மீதியிடங்களுக்கு உறுப்பினர்களே ஆள் பிடித்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். கட்டட அனுமதி போன்ற பெரிய விவகாரங்களில் கிராம மன்றம் கருத்துச் சொல்ல முடியுமே தவிர முடிவு செய்ய முடியாது. ஆனால் அதிகாரம் இவ்வளவு சிறியதாக இருக்கும் ஒரு மன்றம், தான் பேசப்போவதை இவ்வளவு கவனமாக ஊருக்கு அறிவிக்கிறது என்றால், நம் வீடு, திடல், கால்வாய், அங்காடிக் கடை அனைத்தையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும் மாநகர் மன்றங்களிடம் அதே கவனத்தை நாம் எதிர்பார்ப்பது எப்படி அதிகப்படியாகும்?

மக்களுக்குப் பதில் சொல்லும் மன்றம் பினாங்குக்குப் புதியதும் அன்று. மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில்தான் நடந்தது. நம்மவரான டி.எஸ். இராமநாதன் அந்த மாநகரின் மேயராக இருந்தவர். அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய ஆதி. நாகப்பன், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று 1968இல் பரிந்துரைத்தார். அது ஏற்கப்படவில்லை, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. பினாங்கு மாநில அரசு 2012இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றபோது, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அதனால் தேர்தலுக்கான கதவு பினாங்கிலிருந்து மட்டும் திறக்கக்கூடியதாக இல்லை.

இருந்தும், அதே 1976ஆம் ஆண்டுச் சட்டம், மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறோம்? கூட்டம் நடக்கும் நாளே தெரியாதபோது யார்தான் போவார்கள்? நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்திலும் ஒரு குறை நம்மை நேரடியாகப் பாதிக்கிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு மேம்பாட்டுக்கு அனுமதி கேட்டால், பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்கு எழுத்துமூலம் அறிவித்து, ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் தர வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தக் கடிதம் உரிமையாளருக்குத்தான் போகும். வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பத்துக்கு, அவர்கள் அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்திருந்தாலும், எந்த அறிவிப்பும் வராது. நம் சமூகத்தில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் குறைவில்லை என்பதால் இது சாதாரண விஷயமன்று.

ஆகவே, இரு மாநகர் மன்றங்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒவ்வொரு முழு மன்றக் கூட்டத்துக்கும் ஒரு வாரம் முன்னதாக, எந்தத் தாமானைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்பதை அந்தந்தத் தாமானின் அடுக்குமாடி மின்தூக்கி அருகிலும், சமூக மண்டபத்திலும், சந்தையிலும், மலாயோடு தமிழிலும் சீனத்திலும் ஒட்ட வேண்டும். கூட்டம் முடிந்தபின் முடிவையும் அதே இடத்தில் ஒட்ட வேண்டும். இணையப் பக்கத்தில் போட்டுவிட்டோம் என்பது போதாது, ஏனெனில் தேடத் தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும். மன்றத்தில் அமர்ந்திருக்கும் நம் இன உறுப்பினர்கள், கோயில் விழாக்களில் மாலை பெறும் ஆர்வத்தோடு, இந்த நிரலைக் கோயில் பலகையிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அமைச்சர்களின் அறிக்கைக்குத் தரும் இடத்தில் ஒரு சிறு கட்டத்தையாவது, மாதம் ஒரு முறை, பினாங்கு மன்றக் கூட்டங்களின் தேதிக்கும் நிகழ்ச்சி நிரலுக்கும் ஒதுக்குங்கள். கூட்டத்துக்கு ஒரு நிருபரையும் அனுப்புங்கள். சட்டப்படி அவருக்கு அங்கே நாற்காலி உண்டு. எங்கள் தாமானிலிருந்தும் சிலர் வந்து உட்கார ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
பினாங்கு